தைலக் கொட்டகைக் கூரைக்கு நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம். மாரியம்மன் அருளால் எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறோம்.

நீலகிரித் தைலம் காய்ச்சும் நம் ஓடைக்கரைத் தைலக் கொட்டகையின் பழைய கூரையைப் பிரித்து நாற்பது நாளாகிறது. ஜூனில் தென்மேற்கு மழை இறங்கிவிடும். அதற்குள் தகரம் ஏறாவிட்டால், புதிதாகக் கட்டிய மண் அடுப்பு கரைந்து ஓடையோடு போகும். கையிலிருக்கும் பணம் போதவில்லை.

இளையவர்களுக்காகக் கொஞ்சம் பழைய கதை. நம் மலையில் விறகுப் பஞ்சம் வந்த காலத்தில், 1843-ல், கேப்டன் காட்டன் என்ற வெள்ளைக்காரர் ஆஸ்திரேலியாவின் கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, ஊட்டிக்குக் கொண்டுவந்தார். அடுப்பெரிக்க வந்த மரம். அதன் சருகைக் காய்ச்சித்தான் நம் பாட்டன் பாட்டிமார் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். விடியலில் பெண்கள் சருகு கூட்டி மூட்டை கட்டி வருவார்கள். அண்டாவில் மிதித்து நிரப்பி, தண்ணீர் விட்டு, மூடியின் விளிம்பில் செம்மண் குழைத்துப் பூச வேண்டும். மயிரிழை விரிசல் இருந்தாலும் அன்றைய கூலி காற்றில் போய்விடும். ஆவி குழாய்க்குள் ஓடி, ஓடைத் தண்ணீரில் குளிர்ந்து சொட்டும். தண்ணீர் அடியில் நிற்க, தைலம் மேலே மிதக்கும். வெந்த சருகைக் காயவைத்து அடுத்த அடுப்புக்கு அதையே எரிப்பார்கள். நம் ஊர்க்காரர் பஸ் ஏறினால், கேட்காமலே ஊர் பெயர் சொல்லி டிக்கெட் கிழிப்பாராம் கண்டக்டர். அப்படி ஒரு வாசனை!

தண்ணீரைக் குடிக்கும் அந்நிய மரம் என்று இன்று திட்டுகிறார்கள். அதில் நியாயமும் உண்டு. நாங்கள் ஒரு கன்றுகூட நடச் சொல்லவில்லை. இருக்கும் அண்டாவைக் காப்பாற்றத்தான் கேட்கிறோம்.

கணக்கு இதுதான். கூரைத் தகரமும் இரும்புக் கால்களும் ரூ.1,60,000. செம்பு அண்டாவுக்கு ஒட்டுப்போட ரூ.90,000. கல்சுவர் ரூ.85,000, குளிர்த்தொட்டி ரூ.50,000. ஆக மொத்தம் ரூ.3,85,000. வந்தது ரூ.2,41,500. துண்டு விழுவது ரூ.1,43,500.

கொடுத்தவர்களை மறக்க முடியாது. தேயிலை பறிக்கும் அக்காமார் ஆளுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்து, முடிச்சை அவிழ்க்காமல் அப்படியே கொண்டுவந்து வைத்தார்கள். பஸ் ஸ்டாண்டு டீக்கடை அண்ணன் ஒரு ஞாயிற்றுக்கிழமை கல்லாவை முழுதாகக் கவிழ்த்தார். திருப்பூரிலும் கோவையிலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் சம்பளம் வந்த அன்றே அனுப்பினார்கள். மேல்தெருப் பாட்டி ஒருவர், பணம் இல்லையப்பா என்று தன் கல்யாணச் செம்புக் குடத்தையே தூக்கிக் கொடுத்தார். ஒட்டுப்போட ஆகும், வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மன் அவர்கள் குடும்பத்தைக் குறைவில்லாமல் வைக்கட்டும்.

அப்புறம், சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. கூட்டத்தில் எழுந்து நின்று தொகை எழுதிய 32 வீடுகளிலிருந்து இன்னும் ஒரு பைசா வரவில்லை. இதில் மூன்று வீட்டு வாசலில் புதுக் கார் நிற்கிறது. பெயர்களைக் கோயில் பலகையில் எழுதலாம் என்றார்கள் சிலர், தலைவர்தான் தடுத்துவிட்டார். அடுத்த கூட்டத்திலும் தடுப்பாரா, தெரியாது.

வெள்ளிக்கிழமை பூஜை முடிந்ததும் கோயில் மண்டபத்தில் பணம் பெறுகிறோம். பத்து ரூபாய்க்கும் ரசீது உண்டு. பணம் முடியாதவர்கள் ஞாயிறு காலை மண்வெட்டியோடு வாருங்கள், சோறு போடுகிறோம்.

இப்படிக்கு,
தைலக் கொட்டகைத் திருப்பணிக் குழு