கேசில்டவுனைக் காப்பாற்றியவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புடையீர்,

டப்ளினுக்கு மேற்கே, செல்பிரிட்ஜ் ஊரில் இருக்கும் கேசில்டவுன் மாளிகையை அழியவிடாமல் காத்த எல்லோருக்கும் இந்த மடல். உங்களில் பலர் இன்று உயிரோடு இல்லை. அதற்காக நன்றி சொல்லாமல் இருக்க முடியுமா?

முதல் நன்றி டெஸ்மண்ட் கின்னஸுக்கும் மரீகா கின்னஸுக்கும். ஆமாம், அந்த பீர் கின்னஸ் குடும்பம்தான். பழைய மாளிகைகளைக் காக்கும் ஐரிஷ் ஜார்ஜியன் சங்கத்தை 1958-இல் தொடங்கியவர்கள். 1965-இல் மாளிகை மனை வணிகரிடம் கைமாறியது. உள்ளே இருந்த சாமான்கள் ஏலத்தில் போயின. ஆளில்லாத வீடு என்றால் கேட்கவா வேண்டும்? சன்னல்களை உடைத்தார்கள், கூரையில் இருந்த ஈயத் தகட்டைக் கழற்றிக்கொண்டு போனார்கள். ஈயம் போன கூரைக்குக் கீழே அயர்லாந்து மழை என்ன செய்யும் என்று அங்கே ஒரு குளிர்காலம் இருந்தவர்களுக்குத் தெரியும். 1967-இல் டெஸ்மண்ட் 93,000 பவுண்டுக்கு வீட்டையும் சுற்றி 120 ஏக்கரையும் வாங்கி, அதே ஆண்டு பொதுமக்களுக்குத் திறந்துவிட்டார்.

அப்புறம், கூலி எதுவும் வாங்காமல் வந்து கூட்டிப் பெருக்கி, துடைத்து, வண்ணம் பூசிய தன்னார்வலர்களுக்கு. உங்கள் பெயர் எதுவும் எனக்குத் தெரியாது. இந்த மடலே பெரும்பாலும் உங்களுக்குத்தான்.

அன்றைக்கு நீங்கள் செய்தது எல்லோருக்கும் பிடித்த வேலை இல்லை. 'ஜமீன்தார் வீடு இடிந்தால் இடியட்டும்' என்று நினைத்தவர்கள் அந்த நாட்டில் நிறைய. அவர்கள் பக்கம் நியாயம் இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1722-இல் இந்த மாளிகையைக் கட்டத் தொடங்கிய வில்லியம் கனாலி, டோனகால் பக்கத்து விடுதிக்காரர் ஒருவரின் மகன். போரில் தோற்றவர்களிடமிருந்து பறிமுதலான நிலங்களை வாங்கி விற்றுச் செல்வம் சேர்த்து, அயர்லாந்து நாடாளுமன்றத்தின் சபாநாயகராகவும் ஆனவர். யார் யாரோ இழந்த மண்ணிலிருந்து வந்த பணம் அது. ஆனால் வீடு நிற்பதால்தான் அந்தக் கணக்கை வீட்டுக்குள்ளேயே நின்று கேட்க முடிகிறது. இடித்து மனை போட்டிருந்தால் கேள்வியும் அதோடு போயிருக்கும்.

வேலை செய்த கைகளையும் அங்கேதான் பார்க்க முடிகிறது. மாடிப்படியின் பித்தளைக் கம்பிகளைக் குனிந்து பாருங்கள்: சிலவற்றில் 'ஏ. கிங், டப்ளின், 1760' என்று பொறித்திருக்கிறது. படிக்கட்டுச் சுவரில் ஃபிலிப்போ லாஃப்ராங்கினியின் சுதைவேலை. பின்னாளில் இந்த வீட்டின் எஜமானியாக இருந்த லேடி லூயிசா கனாலி அச்சுப்படங்களைக் கத்தரித்துச் சுவரெல்லாம் ஒட்டிய அறை அப்படியே இருக்கிறது. நீண்ட கூடத்துக்கென்று அதே லூயிசா வெனிஸிலிருந்து மூன்று சரவிளக்குகள் வரவழைத்தார். வந்து சேர்ந்ததும் பார்த்தால், விளக்கின் நீலம் வேறு, சுவரின் நீலம் வேறு! அவருக்கு அது பிடிக்கவில்லை. எனக்கு அந்தக் கூடத்தில் மிகவும் பிடித்ததே அதுதான்.

1740-41 பஞ்சத்தின்போது, வில்லியம் கனாலியின் கைம்பெண் கேத்தரின், ஊராருக்கு வேலை கொடுப்பதற்காகவே வளைவுகளுக்கு மேல் ஒரு கல்தூணை எழுப்பச் செய்தார். மாளிகையின் பின்பக்கம் தொலைவில் தெரியும். பசியோடு அந்தக் கல்லைச் சுமந்தவர்களுக்கு யாரும் கையெழுத்துப் போட இடம் தரவில்லை. அவர்களுக்கும் என் வணக்கம். மரீகாவை 1989-இல் அந்தத் தூணடியில்தான் அடக்கம் செய்தார்கள்.

1994-இல் அரசு பொறுப்பேற்றது. அன்றிலிருந்து கூரை, தோட்டம், ஆற்றங்கரை நடைபாதை எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் பொதுப்பணி அலுவலக ஊழியர்களுக்கும், எத்தனை கேள்வி கேட்டாலும் முகம் சுளிக்காத வழிகாட்டிகளுக்கும் நன்றி.

அந்தத் தன்னார்வலர்களில் யாராவது இன்னும் செல்பிரிட்ஜ் பக்கம் இருக்கலாம். தமிழ் படிக்க மாட்டார்கள் என்பதால், இதையே ஆங்கிலத்தில் எழுதி மாளிகை வரவேற்பில் கொடுக்கப் போகிறேன்.

நன்றியுடன்,
உங்கள் பார்வையாளர்களில் ஒருவன்