நொடிக்கு இரண்டு விம்மல்

அன்புள்ள கண்ணம்மா,

நேற்று பாடியதில் தொண்டை கட்டிக்கொண்டது. போனில் பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

எங்கள் சேர்ந்திசைக் குழு குழந்தைகளுக்கும் பெற்றோருக்கும் பாட்டிலேயே அறிவியல் சொல்லப்போகிறது என்றதும் நீ சிரித்தாய். எனக்கும் சந்தேகம்தான். பட்டியலுக்கு மெட்டுப் போட்டால் அறிவியல் ஆகிவிடுமா? சின்ன வயதில் உனக்கு ஒன்பது கோள்களையும் பாட்டாகச் சொல்லிக்கொடுத்தேன். 2006இல் புளூட்டோவைக் குறுங்கோள் ஆக்கிவிட்டார்கள். என் வாய் இன்னும் அதைச் சேர்த்துத்தான் முடிக்கிறது. மெட்டோடு ஏறியது லேசில் இறங்காது.

ஆனால் நீர்ச்சுழற்சிப் பாட்டு வேறு மாதிரி. மூன்று அணிகள், ஒரே பாட்டு. முதல் அணி ஆவியாகி மேகத்துக்குப் போகும்போது இரண்டாம் அணி கடலில் தொடங்கும். முதல் அணி மழையாகக் கொட்டும்போது மூன்றாம் அணி ஆவியாகும். யாரும் முடிக்கவே வேண்டாம், சுற்றிக்கொண்டே இருக்கலாம். நடத்துநர் கையை மூடி நிறுத்தியதும் முன்வரிசைப் பொடியன் ஒருவன், "மழை நின்னுடுச்சா?" என்றான். விளக்கவுரை எதற்கு, சொல்!

அப்புறம் பலூன். ஆளுக்கொன்று கொடுத்து, உள்ளங்கைகளுக்கு நடுவில் பிடிக்கச் சொன்னோம். நாங்கள் கீழ்க்குரல்காரர்கள் ஒரு நீண்ட 'ஓ' பிடித்ததும் பலூனெல்லாம் கையில் கிறுகிறுத்தன. காது மந்தமான பெரியவர் ஒருவர் அதைக் கன்னத்தில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சொதப்பியது விம்மலில்தான். இரண்டு ஒலிகளின் அதிர்வெண், அதாவது நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு, கொஞ்சமே வேறுபட்டால் சத்தம் ஏறி இறங்கி, ஏறி இறங்கிக் கேட்கும். அதற்குத்தான் விம்மல் என்று பெயர். (பாடப்புத்தகத்துக்கு இந்தச் சொல்லைக் கொடுத்தவர் என்றைக்கோ அழுதிருக்க வேண்டும்.) பாதிப் பேர் 440 ஹெர்ட்ஸில் நிற்பது, மீதிப் பேர் ஒரு துளி கீழே நிற்பது என்று திட்டம். முடிந்தால்தானே! சுருதி சேர்ந்தே பழகிய தொண்டைகள், தானாக நழுவிப்போய் ஒன்றாகிவிட்டன. ஒத்திகையிலும் இதே கதைதான்.

நல்லவேளை, ஒரே மாதிரி இரண்டு இசைக்கவைகள் (தட்டினால் ஒரே சுருதியில் ஒலிக்கும், இரண்டு கிளை உள்ள உலோகக் கவைகள்) தயாராக இருந்தன. ஒன்றின் கிளை நுனியில் துளிக் களிமண்ணை ஒட்டினார்கள். கனம் கூடியதால் அதன் அதிர்வெண் 438க்கு இறங்கியது. இரண்டையும் தட்டினால் 'வ்வா... வ்வா...' என்று நொடிக்கு இரண்டு. வித்தியாசம் எவ்வளவோ, நொடிக்கு அத்தனை விம்மல். ஒரு சிறுமி தொடையில் தட்டி எண்ணினாள். களிமண்ணை நுனியிலிருந்து கொஞ்சம் கீழே நகர்த்தியதும் விம்மல் மெதுவானது, அவள் கையும் மெதுவானது. அதை அடியோடு எடுத்ததும் ஒலி நேர்கோடாகிவிட்டது. அவள் கை அந்தரத்தில் நின்றது.

அப்போது உன் ஞாபகம் வந்தது. நாம் சேர்ந்து பாடும்போதெல்லாம் நீ மயிரிழை மேலே நிற்பாய். நடுவில் ஏதோ ஆடும். "சுருதி சேரலை" என்று உன்னைத் திட்டியே அத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன். என்ன ஆடுகிறது என்று ஒரு தடவையாவது காது கொடுத்துக் கேட்டேனா?

அடுத்த முறை வரும்போது ஒரு 'ஆ' பிடித்துப் பார்ப்போம். நீ சேர வேண்டாம், எப்போதும் நிற்கிற இடத்திலேயே நில். நான் எண்ணுகிறேன்.

அன்புடன்,
அப்பா