அந்த நோட்டைத் திறந்தபோது எனக்கு வேண்டியிருந்தது

காவிரி டெல்டா மாவட்டங்களின் மனநல மருத்துவர்களுக்கும், உளவியலாளர்களுக்கும், மனநலச் செவிலியர்களுக்கும் வணக்கம்.

நான் மன்னார்குடிப் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. 19 வருட சர்வீஸ். பிள்ளைகளின் மனநலம் பற்றி எங்களுக்கு நீங்கள் நடத்தும் பயிற்சியைக் குறித்துத்தான் எழுதுகிறேன்.

சில வருடங்களுக்கு முன், ஒன்பதாம் வகுப்பில் ஒரு பெண். காலாண்டுத் தேர்வு முடிந்ததிலிருந்து வாரத்தில் இரண்டு நாளாவது வயிற்று வலி என்று எழுந்து நிற்பாள். ஓம வாட்டர் கொடுத்துப் பெஞ்சில் படுக்க வைப்போம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். அப்பா சிங்கப்பூரில். பாட்டி மந்திரித்து விபூதி பூசி அனுப்பினார். வலி போகவில்லை.

ஒருநாள் கட்டுரை நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தேன். அவள் நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘நான் இல்லாட்டி யாருக்கும் கஷ்டம் இல்ல’ என்று எழுதி, அதன் மேல் நீல மையால் திரும்பத் திரும்பக் கோடு போட்டிருந்தாள். அத்தனை கோட்டுக்கு அடியிலும் எழுத்து தெரிந்தது.

எனக்குக் கை நடுங்கியது. கூப்பிட்டுக் கேட்கலாமா? கேட்டால் இல்லாத எண்ணத்தை நானே ஊட்டிவிடுவேனோ? மதியம் ஸ்டாஃப் ரூமில் யோசனை கேட்கத்தான் சொன்னேன். சாயங்கால பஸ்ஸில் அது ஊருக்குப் போய்விட்டது. அப்புறம் அவள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவே இல்லை. அரையாண்டு முடிந்ததும் டி.சி. வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவள் எப்படி இருக்கிறாள் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

அந்த நோட்டைத் திறந்தபோது எனக்கு வேண்டியிருந்தது, சொல்வதற்கு மூன்று வாக்கியம், கூப்பிடுவதற்கு ஒரு போன் நம்பர். இத்தனைக்கும் அந்த வருடம்தான் ஒருநாள் மனநலப் பயிற்சிக்குப் போய் வந்திருந்தேன். பெரிய ஹாலில் பல பள்ளி ஆசிரியர்கள். திரையில் நோய்களின் பெயர்கள், மூளையின் ரசாயனங்கள். பேசிய டாக்டர் அக்கறையோடுதான் பேசினார், அதில் குறையே இல்லை. ஆனால் கேள்வி கேட்க நேரம் வருவதற்குள் கையெழுத்து, குரூப் போட்டோ, பஸ்ஸுக்கு ஓட்டம். மறுபடி அவரை நாங்கள் பார்க்கவில்லை.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று ஒரு பிள்ளையிடம் நேராகக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, கேட்பதுதான் பாதுகாப்பு என்பதைப் பிறகு நானாகத் தேடிப் படித்தேன். 14416 என்ற டெலி மானஸ் எண்ணை, அதாவது அரசின் மனநல உதவி எண்ணைக் கூப்பிட்டால் எந்நேரமும் இலவசமாக, தமிழிலேயே பேசலாம் என்பதும் அப்படித்தான் தெரிந்தது. 2022 அக்டோபரில் தொடங்கிய சேவை அது. எங்கள் பள்ளியில் அந்த எண்ணைச் சுவரில் எழுதி வைக்கவே வெகு நாள் ஆனது.

இந்த மண்ணின் பிள்ளைகளைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2004 ஜூலையில் கும்பகோணம் பள்ளித் தீயில் 94 குழந்தைகளை இழந்தோம். அதே வருடம் டிசம்பரில் நாகையைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. 2018 நவம்பரில் கஜா புயல். அப்போது இரண்டாம் வகுப்பில் இருந்தவர்களைப் பிறகு என் வகுப்பில் பார்த்தேன். ஐப்பசிக் காற்று கொஞ்சம் வேகமாக அடித்தால் பாடத்தை விட்டுக் கூரையைப் பார்ப்பான் ஒருவன். ‘கவனி’ என்று அவனை எத்தனை தடவை அதட்டியிருக்கிறேன்!

அதனால் கேட்கிறேன், நோய்ப் பெயர்களைக் குறைத்துக்கொண்டு எங்களைப் பேசிப் பழக வையுங்கள். ஓர் ஆசிரியர் பிள்ளையாக உட்காரட்டும், இன்னொருவர் கேட்கட்டும், நீங்கள் திருத்துங்கள். எதை ரகசியமாக வைப்பது, உயிருக்கு ஆபத்து என்றால் யாரிடம் மட்டும் சொல்வது என்று தெளிவாகச் சொல்லுங்கள். என் வகுப்பில் தவறிப்போனது அங்கேதான்.

பெற்றோரிடம் பேசுவது அதைவிடக் கஷ்டம். ‘மனநலம்’ என்று ஆரம்பித்தாலே, ‘எம்புள்ளைக்கு என்ன பைத்தியமா டீச்சர்?’ என்று கேட்டுவிடுகிறார்கள். குணசீலம் கோயிலுக்குப் போய் வருவதாகச் சொல்லும் பாட்டியிடம், கோயிலுக்கும் போங்கள், டாக்டரையும் பாருங்கள் என்று மனம் நோகாமல் எப்படிச் சொல்வது? இதற்கு வார்த்தை உங்களிடம்தான் இருக்கிறது. தினமும் இதே பெற்றோரைப் பார்க்கிறவர்கள் நீங்கள்.

உச்ச நீதிமன்றம் 2025 ஜூலையில் தந்த வழிகாட்டுதலில், கல்வி நிலையங்களின் எல்லா ஊழியர்களுக்கும் வருடத்துக்கு இரண்டு முறையாவது மனநல வல்லுநர்கள் பயிற்சி தர வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. ஊழியர் என்றால் எங்கள் சத்துணவு அக்காவும்தான். எந்தப் பிள்ளை தட்டில் சோற்றை அளைந்துவிட்டுப் போகிறது என்று முதலில் பார்க்கிறவர் அவர். அந்த இரண்டு முறையும் பெரிய ஹாலிலேயே கழிந்துவிட வேண்டாம். பக்கத்துப் பள்ளிகளுக்குப் பொதுவான சி.ஆர்.சி. என்கிற குறுவள மையத்துக்கு வாருங்கள், நான்கைந்து பள்ளி சேர்ந்து உட்காரலாம். இரண்டாவது முறையும் நீங்களே வந்தால், நடுவில் நடந்ததை வைத்துப் பேசலாம்.

நாங்கள் வைத்தியம் பார்க்கப் போவதில்லை, உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கிற வரைதான் எங்கள் வேலை. அனுப்பிய பிள்ளை வந்து சேர்ந்ததா என்று மட்டும் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லுங்கள், போதும்.

எங்கள் பள்ளியில் புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளை விளையாட்டு. பிள்ளைகள் மைதானத்தில் இருப்பார்கள், வகுப்பறை காலியாக இருக்கும். அடைமழை பிடிப்பதற்கு முன் ஒரு புதன்கிழமை சொல்லுங்கள், தலைமையாசிரியரிடம் நான் பேசி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு தமிழாசிரியை,
மன்னார்குடி வட்டாரம்