துங்கூசியம் தனிக் குடும்பமே

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆசிய மொழிகள் குறித்துச் சென்ற இதழில் வந்த கட்டுரையின் அட்டவணை, சைபீரியாவிலும் வடகிழக்குச் சீனாவிலும் வழங்கும் துங்கூசிய மொழிகளைத் துருக்கிய, மங்கோலிய மொழிகளோடு சேர்த்து ‘அல்தாய்க் குடும்பம்’ என்று ஐயமின்றிக் குறித்திருந்தது. ராம்ஸ்டெட், பாப்பெ ஆகிய மொழியியலாளர்களால் வலுப்பெற்ற, இவை ஒரே மூலத்தில் பிறந்தவை என்னும் இக்கருத்தைக் கிளாசன், டோர்ஃபர் ஆகிய அறிஞர்கள் மறுத்து அரை நூற்றாண்டுக்கும் மேலாகிறது. வடகிழக்குச் சீனாவின் மேற்கு லியாவ் ஆற்றங்கரையில் தினை பயிரிட்ட மக்களிடமிருந்து இம்மொழிகள் பிரிந்தன என்று 2021இல் ஓர் ஆய்வுக் குழு மீண்டும் வாதிட்டபோதும் எதிர்ப்பே மிகுந்து எழுந்தது.

எண்ணுப்பெயர்களைப் பார்த்தாலே சிக்கல் விளங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்பவை, சீனாவை ஆண்ட சிங் அரசமரபினரின் துங்கூசிய மொழியான மஞ்சுவில் எமு, ஜுவெ, இலன். யெனிசெய் ஆறு முதல் ஒகோத்ஸ்க் கடல் வரை சிதறி வாழும் எவெங்கியரின் மொழியில் உமுன், ஜூர், இலன். இவ்விரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. துருக்கியிலோ பிர், இகி, ஊச். பழைய மங்கோலியத்தில் நிகன், கொயர், குர்பன். நான்குக்குரிய துருக்கித் ‘தோர்த்’, மங்கோலியத் ‘தோர்பன்’, மஞ்சுத் ‘துயின்’ ஆகியவை சற்றே ஒத்திருப்பது உண்மைதான். ஆனால் ஓர் எண்ணை வைத்துக் குடும்பம் கட்ட முடியாது. குதிரையைக் குறிக்கும் ‘மோரின்’ மஞ்சுவிலும் மங்கோலியத்திலும் ஒன்றாக இருப்பதை உறவுக்குச் சான்றாகக் காட்டுவோர், குதிரையோடு சொல்லும் கைமாறியிருக்கலாம் என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

இதில் தமிழருக்கும் ஒரு பங்கு உண்டு. கால்டுவெல் 1856இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்தில், துங்கூசியமும் அடங்கிய ‘சித்திய’த் தொகுதியோடு திராவிட மொழிகளுக்கு நெருக்கம் உண்டென்றே கருதினார். வேர்ச்சொல்லோடு விகுதிகளை ஒன்றன்பின் ஒன்றாகச் சேர்க்கும் ஒட்டுநிலை அமைப்பும் வினையில் முடியும் தொடரும் அவரை அப்படி எண்ண வைத்தன. நம் ‘நாம்’, ‘நாங்கள்’ போலவே மஞ்சுவிலும் கேட்பவரை உட்படுத்தும் ‘முஸெ’, விலக்கும் ‘பெ’ என இரு சொற்கள் இருப்பதைக் காணும்போது எனக்கும் உறவு கொண்டாடத் தோன்றியதுண்டு. ஆனால் மலாயிலும் ‘கித்தா’, ‘காமி’ என்று இதே பாகுபாடு இருக்கிறது. அதனால் மலாயைத் தமிழின் உடன்பிறப்பு என்று யாரும் சொல்வதில்லை. அமைப்பு ஒத்திருப்பது வேறு, பிறப்பு ஒத்திருப்பது வேறு.

சிங் ஆட்சி 1912இல் வீழ்ந்ததோடு மஞ்சுவும் மறைந்தது என்ற அக்கட்டுரையின் வரியும் முழு உண்மையன்று. 1764இல் எல்லைக் காவலுக்காக மஞ்சூரியாவிலிருந்து இலி பள்ளத்தாக்குக்கு அனுப்பப்பட்ட சிபெ இன வீரர்களின் வழித்தோன்றல்கள், வடமேற்குச் சீனாவில் அப்பள்ளத்தாக்கு அமைந்த சின்ஜியாங்கின் சப்சால் பகுதியில் மஞ்சுவுக்கு மிக நெருங்கிய மொழியை இன்றும் பேசுகின்றனர். மஞ்சு எழுத்தைச் சிறிது மாற்றி அதில் செய்தித்தாளும் அச்சிட்டு வந்துள்ளனர். கட்டுரை நூலாக வெளிவருமாயின், அட்டவணையில் சிபெக்கும் ஓர் இடம் தருமாறும், ‘அல்தாய்’ என்பதன் அருகே ஒரு வினாக்குறியாவது இடுமாறும் வேண்டுகிறேன்.

அன்புடன்,
ஒரு வாசகர்,
தஞ்சாவூர்