ஜப்பானில் ‘சைக்கிள்தானே’ என்று இருந்துவிட முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வேலைக்கும் படிப்புக்கும் ஜப்பான் வரும் நம் பிள்ளைகள் முதல் மாதத்திலேயே வாங்கிவிடும் பொருள் சைக்கிள். ஸ்டேஷனுக்கும் அறைக்கும் இடையே அதுதான் அவர்களுக்குக் கால். 2024 நவம்பர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த சாலைப் போக்குவரத்துச் சட்டத் திருத்தம் அந்த சைக்கிளைக் கார் இருக்கும் இடத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டது. ஊதும் மூச்சில் லிட்டருக்கு 0.15 மில்லிகிராம் ஆல்கஹால் இருந்தால், சைக்கிள் ஓட்டியவருக்கு 3 ஆண்டு வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். இதை ‘ஷுகிஓபி உன்டென்’ என்கிறார்கள்.

அந்த 0.15ஐ ரத்தக் கணக்கில் சொன்னால் 100 மில்லிலிட்டருக்கு 30 மில்லிகிராம். நம் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருப்பதும் இதே 30தான். ஆனால் 185 மோட்டார் வாகனத்துக்கு மட்டும். ஊரில் சைக்கிளை நிறுத்தி ஊதச் சொல்ல அந்தப் பிரிவில் இடமில்லை. ‘பைக்கை விட்டுவிட்டு சைக்கிளில் போனால் கேஸ் இல்லை’ என்ற நினைப்பு அங்கிருந்து விமானம் ஏறி இங்கே வருகிறது. இங்கே சட்டத்தின் கண்ணில் சைக்கிளும் ஒரு வாகனம். குடித்துவிட்டு அதை ஓட்டக் கூடாது என்பது இங்கே பழைய விதி. முன்பு தடுமாறும் அளவு போதையில் இருந்தவரைத்தான் தண்டிக்க முடிந்தது. இப்போது அளவு எட்டினாலே போதும்.

தடுமாறும் போதைக்குத் தனிப் பெயர், ‘சகெயோய் உன்டென்’. இதற்கு எண் எதுவும் கிடையாது. நேர்கோட்டில் நடக்கிறாரா, நிற்க முடிகிறதா, பேச்சு குழறுகிறதா என்று போலீஸ் பார்த்துக் குறித்துக்கொள்கிறது. 0.15க்குக் கீழே இருந்தாலும் இந்தக் குற்றம் பொருந்தும். தண்டனை 5 ஆண்டு வரை சிறை அல்லது 10 லட்சம் யென் வரை அபராதம்.

நம்மவர்கள் அறவே அறியாத பகுதி ஒன்று உண்டு. தண்டனை ஓட்டியவரோடு நிற்பதில்லை. குடித்திருக்கிறார் என்று தெரிந்தும் சைக்கிளைக் கொடுத்தவருக்கு, ஓட்டியவருக்குள்ள அதே 3 ஆண்டு, 5 லட்சம் யென். சைக்கிளில் திரும்பப் போகிறவர் என்று தெரிந்தும் ஊற்றிக் கொடுத்தவருக்கும், ‘என்னையும் ஏற்றிக்கொள்’ என்று கேட்டுப் பின்னால் உட்கார்ந்தவருக்கும் 2 ஆண்டு அல்லது 3 லட்சம் யென் வரை. ஓட்டியவர் சகெயோய் நிலையில் இருந்தால் இவையும் ஏறும். சனிக்கிழமை இரவு ஒரே அறையில் பிரியாணி சமைத்து, நாலைந்து பேர் சேர்ந்து குடித்துவிட்டு, ‘என் சைக்கிளை எடுத்துக்கிட்டுப் போடா, நாளைக்குக் குடு’ என்று சாவியை நீட்டுவதை நாம் நட்பு என்கிறோம். அந்தச் சாவி, நீட்டியவரையும் குற்றவாளியாக்கும்.

அளவைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 5 சதவீத பீர் 500 மில்லி கேன் ஒன்றில் 20 கிராம் தூய ஆல்கஹால். 60 கிலோ எடையுள்ள ஆணுக்கு அந்த ஒரு கேனே 0.15ஐத் தாண்டப் போதும். உடல் அதை எரித்து முடிக்க ஏறத்தாழ 4 முதல் 5 மணி நேரம். கடைகளில் கேனில் விற்கும் 9 சதவீத ‘சூஹை’ என்ற பழச்சுவை மது, பழச்சாறு போல இறங்கும். 500 மில்லியில் 36 கிராம், அதாவது கிட்டத்தட்ட இரண்டு கேன் பீர். இரவு ஒரு மணிக்கு இரண்டு கேன் பீரை முடித்தவர் காலை எட்டு மணிக்கு ஷிஃப்டுக்கு மிதிக்கும்போதும் மூச்சில் மிச்சம் இருக்கலாம். காபியும் குளியலும் அதைக் குறைக்காது. தூங்கினால் எரியும் வேகம் இன்னும் மெதுவாகும்.

போலீஸ் நிறுத்தினால் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கச் சொல்லி, பலூனிலோ கருவியிலோ ஊதச் சொல்வார்கள். மறுப்பது தனிக் குற்றம்: 3 மாதம் வரை சிறை அல்லது 5 லட்சம் யென் வரை அபராதம். ஊதிவிடுவதே சரி. போலீஸ் உங்கள் வாக்குமூலத்தை எழுதினால் புரியும் மொழியில் படித்துக்காட்டக் கேளுங்கள், தவறிருந்தால் திருத்தச் சொல்லுங்கள். புரியாத தாளில் கையெழுத்துப் போட மறுக்கும் உரிமை சட்டத்தில் இருக்கிறது.

2026 ஏப்ரல் 1 முதல் 16 வயதும் அதற்கு மேலும் உள்ள சைக்கிள் ஓட்டிகளுக்கு ‘நீல டிக்கெட்’ முறை வந்திருக்கிறது. சிக்னல் மீறல், செல்போன் போன்றவற்றுக்குப் பணம் கட்டினால் விவகாரம் முடியும். குடிபோதை அதில் வராது. அது குற்ற வழக்காகவே போகும். விபத்து இல்லாமல் முதல் முறை சிக்கியவருக்கு வழக்கமாக அபராதம்தான் என்றாலும், அந்த அபராதமே குற்றப் பதிவு. விசா புதுப்பிக்கும் படிவத்தில், போக்குவரத்து மீறலுக்கான தண்டனை உட்பட, குற்றத்துக்காகத் தண்டனை பெற்றதுண்டா என்ற கேள்வி இருக்கிறது. மறைத்து ‘இல்லை’ என்று எழுதினால் அது இரண்டாவது தவறு. நிரந்தர வசிப்புரிமைக்கான வழிகாட்டு நெறியிலோ அபராதமோ சிறையோ பெற்றிருக்கக் கூடாது என்றே இருக்கிறது. பத்தாண்டு உழைப்பை ஒரு இரவின் இரண்டு கிலோமீட்டர் கெடுத்துவிடும் என்பதால்தான் இத்தனை விரிவாக எழுதுகிறேன்.

கார் லைசென்ஸ் வைத்திருப்பவர்கள் கவனிக்க: சைக்கிளில் சிக்கினால் லைசென்ஸில் தண்டனைப் புள்ளி ஏறாது. ஆனால் ‘ஆபத்தான ஓட்டுநர்’ என்று கருதி 6 மாதம் வரை லைசென்ஸை நிறுத்திவைக்க அதிகாரம் இருக்கிறது. 3 ஆண்டில் இரண்டு முறை பிடிபட்டால் 3 மணி நேர வகுப்புக்கு உத்தரவு வரும். போகாவிட்டால் 50,000 யென் வரை அபராதம். அடிபட்டு ஆஸ்பத்திரியில் படுத்தாலும் சிக்கல்தான்: கடும் போதையால் நேர்ந்த காயத்துக்குச் செலவை முழுதாகவோ பகுதியாகவோ மறுக்க சுகாதாரக் காப்பீட்டுச் சட்டமே இடம் தருகிறது. பிறர் மீது மோதினால் நஷ்டஈடு எவ்வளவு போகும் என்பதற்கு, 2013இல் கோபே மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு: சிறுவன் ஓட்டிய சைக்கிள் மோதியதற்கு அவன் தாய் சுமார் 9.5 கோடி யென் கட்ட வேண்டும் என்றது. அதில் குடி சம்பந்தப்படவே இல்லை.

குடித்துவிட்டால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடங்கள். தள்ளி நடப்பவர் சட்டப்படி பாதசாரி. ஒரு பெடலில் காலை ஊன்றி உருட்டிப் போனால் அது ஓட்டுவதாகிவிடும். ஸ்டேஷன் அருகே கட்டண நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு மறுநாள் எடுப்பது இன்னும் நல்லது. மிதிக்காமல் ஆக்சிலரேட்டரைத் திருகினாலே ஓடும் மின்சார வண்டிகள் இங்கே சைக்கிளே அல்ல, மொபெட். அவற்றில் பலவற்றுக்கு லைசென்ஸும் வேண்டும், அவற்றை ஓட்டிப் போதையில் சிக்கினால் புள்ளியும் ஏறும்.

ஜப்பானுக்கு ஆள் அனுப்பும் பயிற்சி மையங்கள் மொழியையும் குப்பை பிரிப்பதையும் சொல்லித்தருகின்றன. இந்தச் சட்டத்துக்கும் ஒரு மணி நேரம் ஒதுக்கும்படி, இதைப் படிக்கும் பெற்றோர் தங்கள் பிள்ளை சேர்ந்திருக்கும் மையத்தில் கேட்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
டோக்கியோவிலிருந்து ஒரு வாசகர்