படகில் பாட்டு செட் மாட்டுவதற்கு முன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் மண்டபத்திலும் பாம்பனிலும் விசைப்படகுகளுக்கு மராமத்து நடக்கிறபோதே, கோடை விடுமுறைக்கு அரியமான், பிரப்பன்வலசைப் பக்கம் வரும் கூட்டத்தை எதிர்பார்த்துச் சிறு படகு வைத்திருப்பவர்களும் தங்கள் படகுகளைத் துடைத்து வண்ணம் பூசுகிறார்கள். அவர்களில் என்னைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: பழைய படகில் நல்ல பாட்டு செட் போட வேண்டும், எத்தனை வாட் போடலாம்? ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லிக்கொண்டிருப்பதைவிடத் தங்கள் நாளிதழ் வழியாக எழுதிவிடலாமென்று தோன்றியதால் இந்தக் கடிதம்.

நான் மின் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். என் மைத்துனரும் நானும் சேர்ந்து, படகு இழுக்கும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீரின் மேல் வழுக்கிச் செல்லும் நீர்ச்சறுக்கு விளையாட்டுக்கென்று கட்டப்பட்ட பழைய ஃபைபர் படகு ஒன்றைக் கைமாற்றாக வாங்கி வைத்திருக்கிறோம். 1922இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஓர் ஏரியில் பிறந்த விளையாட்டு அது. அதற்காக எழுந்த படகுகளும் பெரும்பாலும் ஏரித் தண்ணீரை மனத்தில் வைத்தே கட்டப்பட்டவை. பக்கச்சுவர் தாழ்ந்திருக்கும், நடுவில் பெட்ரோல் எஞ்சின் இருக்கும், கயிறு கட்ட ஒரு கம்பம் நிற்கும். நன்னீருக்குப் பிறந்த அத்தகைய படகை உப்புக்காற்று வருடம் முழுவதும் வீசுகிற நம் கரைக்குக் கொண்டுவந்துவிட்டு, அதற்குள் இருக்கும் இருபது முப்பது வருடத்து ஒயரின் மீது புதிய ஆம்ப்ளிஃபயரை ஏற்றுவதுதான் இங்கே நடக்கிற வேலை.

நாங்களும் அதைத்தான் செய்தோம். டேஷ்போர்டிலிருந்த கேசட் செட்டைக் கழற்றிவிட்டு, கார்களுக்கு செட் மாட்டும் ஒரு கடையில் கொடுத்துப் புதிய செட்டும் நான்கு ஸ்பீக்கரும் ஆம்ப்ளிஃபயரும் பொருத்திக்கொண்டோம். பாட்டு நன்றாகவே கேட்டது. வாடைக்காற்று எழும்பினால் வடகடல் (பாக் நீரிணைப் பக்கம்) கொந்தளிக்கும் என்பதால் படகைத் தென்கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் மாற்றிக் கட்டுவது எங்கள் வழக்கம். அந்த ஆண்டும் அப்படியே கட்டிவிட்டு, தொடர் மழையால் ஐந்து நாள் கரைப்பக்கம் போகவில்லை. ஆறாம் நாள் காலையில் போய்ப் பார்த்தால் பின்பக்கம் முழுவதும் தண்ணீருக்குள் இருந்தது, மூக்கு மட்டும் வெளியே நின்றது. படகில் ஓட்டை எதுவும் இல்லை. உள்ளே தேங்கும் தண்ணீரைத் தானாக இறைத்துக் கொட்ட வேண்டிய சிறு பம்ப், பேட்டரி தீர்ந்துபோனதால் நின்றுவிட்டிருந்தது. மழைத்தண்ணீர் அத்தனையும் உள்ளேயே தங்கிவிட்டது.

பேட்டரியைக் குடித்தது எது என்று தேடியபோதுதான் உண்மை தெரிந்தது. ஆம்ப்ளிஃபயரை எழுப்புவதற்கென்று ஒரு மெல்லிய ஒயர் உண்டு; செட்டை அணைத்தால் அதில் மின்சாரம் நின்று ஆம்ப்ளிஃபயர் தூங்கிவிட வேண்டும். மாட்டியவர் வேலை எளிதாக முடியட்டுமென்று அதை எப்போதும் மின்சாரம் வரும் ஒயரோடு சேர்த்து முறுக்கியிருந்தார். பாட்டுப் பாடாதபோதும் ஆம்ப்ளிஃபயர் 0.8 ஆம்பியர் இழுத்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்குக் கணக்குப் போட்டால் 19 ஆம்பியர்-மணி. ஐந்து நாளில் 96. எங்கள் பேட்டரியின் மேல் எழுதியிருந்ததே 100தான், அதுவும் புதிதாக இருந்த காலத்தில். வாழ்நாளெல்லாம் 230 வோல்ட்டோடு பழகியவன் 12 வோல்ட்டைப் பொம்மை வேலையென்று நினைத்ததற்கு இது எனக்குக் கிடைத்த பாடம். மைத்துனர் இன்றைக்கும் விருந்தாளிகள் முன்னால் இதைச் சொல்லிக் காட்டத் தவறுவதில்லை.

ஆகவே, எத்தனை வாட் என்று கேட்பவர்களிடம் நான் திருப்பிக் கேட்பது பேட்டரியைப் பற்றித்தான். எஞ்சினைக் கிளப்பும் பேட்டரி வேறாகவும் பாட்டுக்கான பேட்டரி வேறாகவும் இருக்க வேண்டும். கிளப்பும் பேட்டரி ஒரு நொடியில் பெரும் மின்சாரம் தந்துவிட்டு உடனே நிரம்பிக்கொள்ளும்படி செய்யப்பட்டது. மணிக்கணக்கில் மெல்ல மெல்ல உறிஞ்சினால் சீக்கிரம் செத்துவிடும். பாட்டுக்கு ஆழமாகத் தீர்ந்து மீண்டும் நிரம்பத்தக்க வகைப் பேட்டரியை வாங்க வேண்டும், அதையும் பாதிக்குக் கீழே இறக்கக் கூடாது. எஞ்சின் ஓடி மின்னழுத்தம் ஏறியதும் இரண்டையும் இணைத்து, எஞ்சின் நின்றதும் பிரித்துவிடும் ரிலே ஒன்று கடைகளில் கிடைக்கிறது. அதைப் போட்டுக்கொண்டால் கடலின் நடுவே நங்கூரமிட்டு இரண்டு மணி நேரம் பாட்டுக் கேட்ட பிறகும் எஞ்சின் கிளம்பும். தண்ணீர் இறைக்கும் பம்புக்கான ஒயர் மட்டும் எந்தச் சுவிட்சுக்கும் கட்டுப்படாமல், தனி ஃபியூஸோடு நேராகப் பேட்டரிக்குப் போக வேண்டும். செட்டும் ஆம்ப்ளிஃபயரும் கரையை விட்டுப் போகும்போது திருகி அணைக்கும் பெரிய சுவிட்சுக்குப் பின்னால் இருக்கட்டும்.

அடுத்தது ஒயரின் தடிமன். இங்கேதான் கார் வேலை பார்ப்பவர்கள் அதிகம் தவறுகிறார்கள், ஏனென்றால் சாதாரணக் காரில் பேட்டரிக்கும் செட்டுக்கும் இடையே தூரம் குறைவு. எங்கள் படகில் பின்னாலிருக்கும் பேட்டரியிலிருந்து முன்னாலிருக்கும் ஆம்ப்ளிஃபயருக்கு 5 மீட்டர். மின்சாரம் போய்த் திரும்ப வேண்டுமென்பதால் கணக்கில் 10 மீட்டர். உண்மையான 300 வாட் தரும் ஆம்ப்ளிஃபயர் முழு மூச்சில் பாடும்போது ஏறக்குறைய 30 ஆம்பியர் இழுக்கும். வீட்டு வேலைக்கு வாங்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரை அதற்குப் போட்டால் வழியிலேயே 2 வோல்ட் தொலைந்துவிடும்; 12 வோல்ட்டில் 2 வோல்ட் போவதென்பது ஆறில் ஒரு பங்கு. ஒயர் சூடாகும், தாளம் தட்டும் இடங்களில் பாட்டு நசுங்கும். அதே தூரத்துக்கு 16 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்டுக்கு அருகில் நின்றுவிடுகிறது. ஃபியூஸைப் பேட்டரியை ஒட்டியே, ஒரு சாணுக்குள், வைக்க வேண்டும். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் வைத்த ஃபியூஸ் ஆம்ப்ளிஃபயரைக் காக்கும். பேட்டரிக்கும் அதற்கும் இடையே ஒயர் உரசித் தோல் கிழிந்தால் படகைக் காக்க அங்கே எதுவும் இல்லை.

தடிமன் மட்டும் போதாது. சாதாரணச் செம்பு ஒயரின் வெட்டிய முனை வழியாக உப்பீரம் தோலுக்கு அடியிலேயே ஏறிக்கொண்டு போகும். வெளியே பார்த்தால் புதிதாகத்தான் இருக்கும். தோலைச் சீவினால் உள்ளே கறுத்தும் பச்சை பூத்தும் கிடக்கும். வெள்ளீயம் பூசிய செம்பு இழை ஒயர்தான் நம் கடலுக்கு ஏற்றது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய மலிவு ஒயரை வாங்கவே வேண்டாம். முறுக்கி இன்சுலேஷன் டேப் சுற்றும் பழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். வெயிலில் பசை உருகி டேப் அவிழ்ந்துவிடுகிறது. முனையில் லக் எனப்படும் உலோக முனையை வைத்து இறுக்கி அழுத்தி, உட்புறம் பசை தடவிய சுருங்கு குழாயைச் சூடாக்கி மூட வேண்டும். ஈயப் பற்றவைப்பை மட்டும் நம்பினால், அது முடிகிற இடத்தில் ஒயர் விறைத்து, அலையின் அதிர்வில் அங்கேயே ஒடியும்.

பெட்ரோலைப் பற்றித் தனியே சொல்ல வேண்டியிருக்கிறது. நம் கரையில் விசைப்படகெல்லாம் டீசல் என்பதால், அனுபவமுள்ள ஒயரிங்காரர்கூட எஞ்சின் பெட்டிக்குள் சுவிட்சையும் ரிலேயையும் கூச்சமின்றி மாட்டிவிடுகிறார். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே பறந்து போகாமல் படகின் அடியில் தேங்கி நிற்கும். அதன் நடுவே சாதாரண ரிலே ஒன்று ‘டிக்’ என்று மூடும்போது வரும் சிறு பொறியே போதும். பெட்ரோல் எஞ்சின் உள்ளே இருக்கும் படகில் எஞ்சின் பெட்டிக்குள்ளும் தொட்டிக்கு அருகிலும் பாட்டு செட்டைச் சேர்ந்த எதையும் வைக்கக் கூடாது. அங்கே இருந்தே தீர வேண்டிய கருவி பொறி வெளியே வராத வகையாக இருக்க வேண்டும். எஞ்சினைக் கிளப்புமுன், தேங்கிய ஆவியை வெளியேற்றும் ஊதுவிசிறியை நான்கு நிமிடம் ஓடவிடுவது வெளிநாட்டுப் படகோட்டிகளின் வழக்கம். பயணிகள் அவசரப்படுத்தினாலும் அந்த நான்கு நிமிடத்தை நாங்கள் விட்டுக்கொடுப்பதில்லை.

இனி ஸ்பீக்கர். வாட்டை இரட்டிப்பாக்கினால் ஒலி கூடுவது, ஒலியை அளக்கும் அலகில், 3 டெசிபெல்தான். திறந்த வெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் குறைந்துவிடும். சுவரும் கூரையும் இல்லாத கடலில் வாட்டைக் கூட்டிக்கொண்டே போவது பொத்தல் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போன்றது. அதே வாட்டுக்கு 3 டெசிபெல் கூடுதலாகத் தரும் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்தால், ஆம்ப்ளிஃபயரை இரண்டு மடங்காக்கிய பலன் ஒரு ஆம்பியரும் கூடாமல் கிடைக்கிறது. பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் போட்டிருக்கும் வாட்டை விட்டுவிட்டு, அடியில் சிறிய எழுத்தில் டெசிபெல்லில் போட்டிருக்கும் உணர்திறன் எண்ணைப் பார்க்க வேண்டும். காருக்குச் செய்த காகிதக் கூம்பு ஸ்பீக்கர் நம் கரையில் ஒரு வாடையைத் தாண்டினால் அதிசயம்; பாலிப்ரொப்பிலீன் கூம்பும் ரப்பர் விளிம்பும் துருப்பிடிக்காத சட்டமும் உள்ளதே நிற்கும். புதிய துளை போடுவதாக இருந்தால், பின்னால் ஸ்டீயரிங் கேபிளோ பெட்ரோல் தொட்டியோ இருக்கிறதா என்று கையை விட்டுத் தடவிப் பார்த்துவிட்டு வெட்ட வேண்டும். வெட்டிய விளிம்பில் ஒட்டுப்பலகை தெரிந்தால் ரெசின் பூசி அடைக்காமல் விடக் கூடாது, இல்லையென்றால் அந்த இடத்திலிருந்தே பலகை ஊறி மக்கத் தொடங்கும்.

கம்பத்தின் மேல் பின்னோக்கி ஸ்பீக்கர் மாட்டும் ஆசையும் சிலருக்கு வந்திருக்கிறது. சறுக்குபவர் ஏறக்குறைய 23 மீட்டர் கயிற்றின் முனையில் இருக்கிறார். அவர் காதில் பாட்டு விழ வேண்டுமென்றால் ஒரு மீட்டரில் கேட்பதைவிட 27 டெசிபெல் குறைந்து போய்ச் சேரும் என்பதைக் கணக்கில் எடுத்து அலறவிட வேண்டியிருக்கும். அவ்வளவு சத்தத்தில், பின்னால் விழுந்தவரைப் பார்த்துக் கத்துகிற ஆளின் குரல் ஓட்டுபவருக்குக் கேட்காது. தென்கடல் பக்கம் 1986 முதல் மன்னார் வளைகுடா தேசியக் கடற்பூங்காவாக இருக்கும் தீவுகள் வரிசையாகக் கிடக்கின்றன. ஆவுளியா என்னும் கடற்பசு மேயும் கடற்புல் பரப்பும் அங்கே உண்டு. எங்கள் ஸ்பீக்கர் நான்கும் உள்நோக்கியே இருக்கின்றன.

ஸ்பீக்கரின் காந்தத்தைத் திசைகாட்டிக்கு ஒரு மீட்டருக்குள் கொண்டுவரக் கூடாது. எல்லைக்கோடு இவ்வளவு அருகிலிருக்கும் கடலில் முள் சில பாகை விலகுவது விளையாட்டல்ல. ஆம்ப்ளிஃபயர் சில சமயம், கடலில் பேசிக்கொள்ள உதவும் விஎச்எஃப் ரேடியோவிலும் இரைச்சலைக் கிளப்பும். செட்டைப் போட்டும் அணைத்தும் 16ஆம் சேனலைக் கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும். அவசரத்தில் மண்டபத்துக் கடலோரக் காவல் படை அழைத்தால் கேட்க வேண்டிய சேனல் அது.

இத்தனையும் படித்துவிட்டு மலைப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். சிறிய படகுக்கும் சிறிய எஞ்சினுக்கும், தண்ணீரில் விழுந்தாலும் கெடாத ஐபி67 தரமுள்ள கையடக்கப் புளூடூத் ஸ்பீக்கர் ஒன்றே போதும். அது தன் பேட்டரியிலேயே பாடிவிட்டு, மாலையில் நம்மோடு வீட்டுக்கு வந்துவிடும். படகில் ஒரு துளையும் இராது. என் மைத்துனர் இதைக் கேட்டால் கோபிப்பார், ஆனால் பத்தில் ஏழு பேருக்கு என் யோசனை இதுவே.

சம்பந்தப்பட்ட துறையினருக்கு இரண்டு வேண்டுகோள்கள். பயணிகளை ஏற்றும் படகுகளைச் சோதிக்கும்போது மிதவைச் சட்டையை எண்ணுவதோடு டேஷ்போர்டையும் பேட்டரிப் பெட்டியையும் திறந்து பார்க்க வேண்டும். ஃபியூஸ் எங்கே இருக்கிறது, பம்ப் தனியாக இணைக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. நம் மாவட்டத்து அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில், தடைக்காலத்தையொட்டி, படகு ஒயரிங்குக்கென்று ஒரு குறுகிய காலப் பயிற்சி நடத்த வேண்டும். கரையிலேயே வளர்ந்து, கார் கடையில் வேலை கற்றுக்கொண்டிருக்கும் பையன்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எங்கள் படகில் செட்டை மாட்டிக் கொடுத்தவரும் அப்படிப்பட்ட ஒரு பையன்தான். கெட்டிக்காரர், கடல் வேலையை யாரும் அவருக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை, அவ்வளவே. படகைத் தூக்கிக் காயவைத்த பிறகு ஒயரிங் முழுவதையும் அவரையே உடன் வைத்துக்கொண்டுதான் மாற்றினேன். எந்த ஒயர் எங்கே போகிறது, எந்த ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்று அவர் கையாலேயே வரைந்த தாளைப் பிளாஸ்டிக் உறையிலிட்டு டேஷ்போர்டு மூடியின் உட்பக்கம் ஒட்டி வைத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.