மைலேஜ் கருவிகளை நம்பலாமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரில் மாட்டினாலே பெட்ரோல் மிச்சமாகும் என்று விற்கப்படும் சிறு கருவிகளின் விளம்பரங்கள் பெருகிக்கொண்டே போவது கவலையளிக்கிறது. எரிபொருள் குழாயில் காந்தம் வைத்தால் மூலக்கூறுகள் ஒழுங்காகி, பெட்ரோல் முழுமையாக எரியுமாம். நல்ல நிலையில் உள்ள இன்றைய எஞ்சினில் எரியாமல் வெளியேறுவது மிகச் சொற்பம். அதையும் எரித்துவிட்டாலும் விளம்பரங்கள் சொல்லும் 20, 30 சதவீத மிச்சம் எங்கிருந்து வரும்? ஆற்றலின் பெரும்பகுதி வெப்பமாக வீணாகிறது. அதைக் காந்தம் தடுக்காது.

தண்ணீரிலிருந்து ஹைட்ரஜனைப் பிரித்து எஞ்சினில் எரிக்கத் தரும் கருவியும் அப்படித்தான். அதற்கான மின்சாரம் காரின் மின்னாக்கியான ஆல்டர்னேட்டரிலிருந்து வருகிறது. ஆல்டர்னேட்டரைச் சுழற்றுவது அதே எஞ்சின். பிரிக்கச் செலவாகும் ஆற்றலைவிட எரித்துப் பெறுவது எப்போதும் குறைவே. ஓபிடி சாக்கெட்டில் (காரின் கோளாறுகளைக் கண்டறியும் கருவியை இணைக்கும் இடம்) செருகும் சில மைலேஜ் கருவிகளைக் கழற்றிப் பார்த்தவர்கள் கண்டது மினுக்கும் எல்இடி விளக்குகளைத்தான்.

அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை இத்தகைய 100-க்கும் மேற்பட்ட கருவிகளை ஆராய்ந்திருக்கிறது. மிகச் சிலவற்றில் மட்டுமே சிறு முன்னேற்றம் தெரிந்தது. அவற்றிலும் சில புகை மாசைக் கூட்டின.

மாட்டிய பிறகு மைலேஜ் கூடியதாகச் சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. பணம் கொடுத்து வாங்கியவர் கணக்கு வைக்கத் தொடங்குகிறார், டயரில் காற்று பார்க்கிறார், ஆக்சிலரேட்டரை மெதுவாக மிதிக்கிறார். மிச்சம் அதனால் வந்தது.

இத்தகைய விளம்பரங்களை ஏற்கும் முன், விற்பவரிடம் சுதந்திரமான ஆய்வகத்தின் சோதனை அறிக்கையைக் கேட்டு வாங்கும்படி ஊடகங்களை வேண்டுகிறேன்.

– ஒரு வாசகர்